விண்டோஸ் வேண்டாம், பாஸ்வேர்டைக் கொடு

நித்யா,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. காலையில்தான் பேசினோம். நீ சென்னையில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தாய், நான் இங்கே ஆரணியில் அடுப்படியில் இருந்தேன். பால் பொங்கி வழிந்தது, பேச்சு பாதியில் நின்றது. போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த அதே லினக்ஸில், நீ பழக்கிவிட்ட தமிழ் விசைப்பலகையில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது, லினக்ஸின் தலையில் கட்டாதே.

விஷயம் இதுதான். பொங்கல் லீவில் வரும்போது லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுவிட்டுப் போகிறேன் என்று போன வாரம் சொன்னாய். தை கடைசியில் கல்யாணம், அது முடிந்ததும் மாப்பிள்ளையோடு ஜெர்மனி. "அங்க இருந்துகினு உன் சிஸ்டத்த நான் பாத்துகினு இருக்க முடியாதும்மா. விண்டோஸ்னா பஜார்ல இருக்குற சர்வீஸ்காரரே வந்து பாத்துப்பாரு" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வரைந்ததையே வரைந்து அழித்துக்கொண்டிருந்தேன். வீட்டை மாற்றி வைக்கிறவர்கள் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று கோபம். அந்தக் கோபம் ஆறிய பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாகச் சொல்கிறேன். முன்னறையில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர்தான் என் தொழில். பட்டுப் புடவையின் பார்டரிலும் முந்தியிலும் என்ன பூ, என்ன கொடி, என்ன பறவை வரவேண்டுமோ அதைக் கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து, கோப்பாக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். முள்ளிப்பட்டில் தறி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய், தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியில் செருகுவார்கள். எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். உங்கப்பா அதே தறிக்காரர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கி வருகிற ஆள். அவருக்கு பைக் எப்படியோ எனக்கு இது அப்படி. முகூர்த்தப் புடவை என்றால் என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

லினக்ஸ் இந்த வீட்டுக்குள் வந்த கதையை நீ மறந்திருக்க மாட்டாய். நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். இந்த ஊரில் பென் டிரைவ் என்பது யாருக்கும் சொந்தமில்லை. என் வீட்டிலிருந்து முள்ளிப்பட்டு போகும், அங்கிருந்து இன்னொரு தறிக்குப் போகும், ஜெராக்ஸ் கடையில் ஒரு பகல் தங்கும், பிறகு என்னிடம் திரும்பி வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைக்குத் தலை பேன் கொண்டுவருகிற மாதிரி வைரஸையும் கூட்டி வரும். ஒரு நாள் திறந்தால் என் டிசைன் ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஷார்ட்கட்டாக மாறி நிற்கிறது. தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. சர்வீஸ்காரர் வந்தார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார், அடுத்த பென் டிரைவில் அது மறுபடி வந்தது. கல்யாண சீசன் வேறு. நான் அழுதுவிட்டேன் என்று உங்கப்பா உனக்குப் போன் போட்டுச் சொன்னார். நீ வந்து, ஒரு மதியத்தில் இதைப் போட்டுவிட்டாய். "இதுக்கு வைரஸே வராதாடி?" என்று கேட்டேன். "வராதுன்னு இல்லம்மா. பென் டிரைவ்ல வர்ற அந்த வைரஸுக்கு இதோட பாஷ தெரியாது, அவ்ளோதான்" என்றாய். அன்றிலிருந்து இன்றுவரை என் ஃபோல்டர் ஒன்றுகூட ஷார்ட்கட் ஆகவில்லை. அந்த நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து திட்டப்போகிறேன்.

முதல் மாதம் இதனோடு நான் பட்ட பேஜார் கொஞ்சமா? நான் பழகிய டிசைன் மென்பொருள் இதில் ஓடாது என்றாய். அதற்குப் பதில் ஏதோ பிராணி முகம் போட்ட வரையும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தாய். அதில் 'சேமி' என்றால் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். தறிக்கு வேண்டிய வடிவம் வேண்டுமென்றால் 'ஏற்றுமதி' என்று போக வேண்டுமாம். புடவையே ஏற்றுமதி செய்யாத குடும்பம், படத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன். பிரிண்டர் ஒரு நாள் பேசும், மறுநாள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். உன்னோடு வீடியோவில் பேசினால் உன் வாய் அசையும், குரல் வராது. சந்தேகம் கேட்கலாம் என்று இணையத்தில் தேடினால், கேட்டவனை முதலில் நாலு பேர் திட்டியிருப்பார்கள், அஞ்சாவது ஆள் புரியாத ஒரு வரியைக் கொடுத்து இதை அடி என்பான். பஜார் சர்வீஸ்காரரை ஒருமுறை கூப்பிட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நம்ம பக்கத்து சிஸ்டம் இல்லீங்களே மேடம்" என்று சொல்லி, போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதே. முந்தாநாள் அச்சகத்திலிருந்து உன் கல்யாணப் பத்திரிகை மாதிரியை அனுப்பினார்கள். அவர்கள் அடிப்பது பழைய எழுத்துருவில். இங்கே திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் ரெண்டு அடைப்புக்குறியும் நிற்கின்றன. உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, மாப்பிள்ளை ஜெர்மன்காரனா?" என்றார். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள் என்று நானே சொல்லி வாங்கிக்கொண்டேன். இப்போது பெயர் பெயராகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

வாழைமரம் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் உன்மேல் ஒரு பழி போட்டிருந்தேன். கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் முகூர்த்தப் புடவைக்கு வந்தார்கள். முந்தியில் கல்யாண வாசல் வேண்டும் என்றார்கள்: தோரணம், இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் பூரண கும்பம். வரைந்து காட்டினேன். பெண்ணின் அம்மா கூர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க, மரத்துல குலையக் காணோம்? குலை தள்ளாத மரத்த யாருங்க கல்யாண வாசல்ல கட்டுவாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அழகாகத் தெரிய வேண்டுமென்று இலையிலேயே கவனமாக இருந்துவிட்டேன். குலையும் பூவும் சேர்த்துத் திருத்தினேன். பழைய கோப்பு ஏற்கனவே பென் டிரைவில் இருந்தது, அதே பெயரில் புதியதை அதன்மேல் போட்டேன். முள்ளிப்பட்டு முனுசாமி வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டு, "ஜல்தியா குடுங்கக்கா, தறி சும்மா நின்னுகினு இருக்குது" என்று அவசரப்படுத்தினார். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னது. வெடுக்கென்று பிடுங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் முனுசாமி போட்டோ அனுப்பினார், எப்படி வந்துகினு இருக்குது பாருங்கக்கா என்று பெருமையாக. ஒரு சாண் நெய்திருந்தார். தகதகவென்று இரண்டு வாழைமரம், இரண்டிலும் குலை இல்லை. போன் போட்டு, "நிறுத்துப்பா, நிறுத்து! குலை எங்கப்பா?" என்று கத்தினேன். "நீங்க குடுத்தது இதான்க்கா. நான் இன்னா பண்ண?" என்றார். அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடை இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். பிரித்த ஜரிகை எதற்கும் ஆகாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்குப் போன் போட்டு, உன் லினக்ஸால் ஒரு பெண்ணுக்குக் குலையில்லாத வாழை கட்டிவிட்டேன் என்று கத்தினேன். நீ பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "எஜெக்ட் பண்ணாம புடுங்கிட்டியாம்மா?"

காப்பி ஆகிவிட்டது என்று அது சொன்னாலும் கொஞ்சம் அதன் கையிலேயே இருக்கும், எடுக்கட்டுமா என்று கேட்டால்தான் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு எடுத்துக்கொள் என்று சொல்லும் என்று விளக்கினாய். செய்து முடிக்காத வேலையை முடிந்தது என்று சொல்வதற்கு இந்த வீட்டில் உங்கப்பா போதாதா, இது வேறு எதற்கு என்று கேட்டேன். நீ சிரித்தாய். அடுத்த வாரத்திலிருந்து பென் டிரைவில் காப்பி ஆமை வேகத்தில் போக ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். நீதான் அங்கிருந்தே உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எழுதும்படி மாற்றிவைத்திருக்கிறாய் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று உனக்குத் தெரியும். இதில் உனக்கு ஒரு புத்தி சொல்லவும் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவனோடு பேசும்போது, அவன் சொல்லி முடித்துவிட்டானா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு எழுந்திரு. நீ பாதியில் பிடுங்குகிறவள், என்னைப் போல. அவனுக்குத் தெரியாமல் அவனுக்கு நல்லது செய்யாதே, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாஸ்வேர்ட் உன் கைக்குப் போனதும் என் புத்தியால்தான். முதலில் அது என்னிடம்தான் இருந்தது. ஒரு நாள் இடம் போதவில்லை என்று திரையில் வந்தது. உனக்குப் பரீட்சை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே இணையத்தில் தேடி, எவனோ கொடுத்த ஒரு வரியை, கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலில் அடித்தேன். அது நீளமாக என்னென்னவோ பெயர்களைப் பட்டியல் போட்டுவிட்டு, தொடரலாமா என்று கேட்டது. கல்யாணத் துணி வரைகிற வீட்டில் யாராவது இல்லை என்று அபசகுனமாகச் சொல்வார்களா? ஆமாம் என்பதற்கு ஒய் அடித்தேன். அணைத்துப் போட்டால் படமில்லை, பட்டனில்லை, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தாய். டிசைன் எல்லாம் போயிற்று என்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். "உன் கோப்பெல்லாம் வேற எடத்துல இருக்குதும்மா. வீடு இடிஞ்சாலும் பீரோ அப்டியே இருக்குற மாதிரி" என்றாய். உண்மைதான். ஒரு பூ, ஒரு இலைகூடக் குறையவில்லை. ஆனால் கிளம்பும்போது, "இனிமே பாஸ்வேர்ட் என்கிட்ட இருக்கட்டும்மா" என்று மாற்றிக்கொண்டு போய்விட்டாய்.

அதிலிருந்து என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் விருந்தாளி. வரையலாம், எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். புதிதாக ஒன்று போட வேண்டுமென்றால், பழையதை எடுக்க வேண்டுமென்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருக என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். நிர்வாகி சென்னையில் மீட்டிங்கில் இருப்பாள். ஸ்கேனர் வாங்கிய அன்று, வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு மதியம்வரை உனக்காகக் காத்திருந்தேன். பிறகு நீ அங்கிருந்தே உள்ளே வந்தாய். அம்பு தானாக நகர்ந்தது, தானாக எழுத்து விழுந்தது, வேலை முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், "யாருங்க செய்யறது?" என்று கேட்டார். என் பெண் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனாலும் எனக்கு இது பழகிவிட்டது நித்யா. பழகியது மட்டுமில்லை, பிடித்துவிட்டது. பாதி வேலையில் தானாக அணைந்து எழுந்து என்னைக் காக்கவைப்பதில்லை. இந்தப் பழைய மெஷினை மாற்று என்று நச்சரிப்பதில்லை. விளம்பரம் காட்டுவதில்லை. மெனுவெல்லாம் தமிழில் இருக்கிறது. சில வார்த்தை சிரிப்பு வரும், ஆனால் புரியும். எதையாவது செய்துவிட்டுச் சும்மா இருக்காது. தப்பு நடந்தால் என்ன தப்பு என்று நீளமாக எழுதிக்காட்டும். முன்பு அதைப் பார்த்தாலே பயம். இப்போது கடைசி இரண்டு வரியை மட்டும் படித்தால் போதும் என்று தெரிந்துகொண்டேன். கேட்கிற கேள்வியை முழுக்கப் படிக்காமல் ஒய் அடிக்கிற பழக்கமும் போய்விட்டது.

இதை நம்ப மாட்டாய் என்பதால் ஒரு நடந்த விஷயத்தைச் சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. போன மாதம் நீ விசா ஆபீசுக்குப் போயிருந்தாயே, போனை உள்ளே விட மாட்டார்கள் என்று வாசலில் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றைக்கு. முந்தின நாள் நீ ஏதோ அப்டேட் போட்டிருந்தாய். காலையில் மெஷினைப் போட்டால் திரை கறுப்பு. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் கறுப்பு. முனுசாமி தறியில் பாவு ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார், டிசைன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். உங்கப்பா சர்வீஸ்காரரை இட்டுகினு வரட்டுமா என்றார். அவர் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வேண்டாம் என்றேன்.

நீ ஒருமுறை ரிப்பேர் செய்யும்போது உனக்குள் முணுமுணுத்தது ஞாபகம் வந்தது: புதுசு சரியில்லன்னா பழசுல ஏறிப் போ. மெஷின் எழும்போது ஒரு நொடி வந்து மறையும் பட்டியலை இந்தத் தடவை மறைய விடாமல் அம்புக்குறியை அழுத்தி நிறுத்தினேன். இரண்டாவது வரிக்குள் போனால், லினக்ஸின் புதிய பதிப்பும் பழைய பதிப்பும் வரிசையாக இருக்கின்றன. புதியது வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறது, புத்திசாலி. பழையதைத் தேர்ந்தெடுத்தேன். கொஞ்ச நேரம் எழுத்தெழுத்தாக ஓடியது, பிறகு என் திரை வந்தது, என் டிசைன் வந்தது. எஜெக்ட் கேட்டு, அது சரி என்று சொன்ன பிறகு எடுத்து முனுசாமியிடம் கொடுத்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "சிஸ்டம் ஓகேவாம்மா?" என்றாய். ஓகே என்றேன். அவ்வளவுதான். என்னவோ, அதை எனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றியது.

இவ்வளவும் மனதில் இருந்ததால்தான் நீ விண்டோஸ் என்றதும் அவ்வளவு கோபம். உங்கப்பா புடவை மடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் கொட்டினேன். "பாருங்க, என் தொழில், என் கம்ப்யூட்டர். சாவி மட்டும் அவ கையில. எடுக்கணும்னா எடுக்கறா, போடணும்னா போடறா. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?" அவர் மடிப்பைக் கலைக்காமல், "நீ மட்டும் இன்னா? அவ சம்பாரிக்கிறா, அவ செலவு பண்றா. மெசேஜ் உன் போன்ல வந்துகினு இருக்குது. நீ அவளக் கேட்டியா?" என்றார். உங்கப்பா சரியாகப் பேசுவது வருஷத்துக்கு ஒருமுறை. அது எப்போதும் எனக்கு எதிராகத்தான் இருக்கும்.

உனக்கு பேங்கில் கணக்குத் திறந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், என் நம்பரைக் கொடுத்தோம். அது அப்படியே நின்றுவிட்டது. நீ வேலைக்குப் போன பிறகும், கடையில் நின்றுகொண்டு "அம்மா, ஓ.டி.பி. வந்துச்சா?" என்று கூப்பிடுகிறாய். நான் கோயிலில் இருந்தால் நீ கடையில் நிற்க வேண்டியதுதான். மாற்றிக்கொள்கிறேன் என்று நீ பலதடவை சொன்னாய். ஆரணிக் கிளைக்கு நேரில் வரவேண்டும், அப்புறம் பார்க்கலாம், லீவில் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். காரணம் இருக்கிறது. அந்த மெசேஜ்களில்தான் உன்னை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு ஆட்டோ பிடித்தாய், உடம்பு சரியில்லை என்று சொல்லாமல் மருந்துக்கடைக்குப் போனாயா, எல்லாம் எனக்கு வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பையனைப் பற்றி வீட்டில் சொல்வதற்குப் பல மாதம் முன்பே எனக்குத் தெரியும். மெசேஜில் தொகைதான் வரும், ஆள் பெயர் வராது. ஆனால் என் பெண் ஒருத்தி சாப்பிட்டால் எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நீ தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று நான் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்தேன். நன்றாகத்தான் நடித்தேன், நீ நம்பினாய்.

இப்போது யோசித்தால் நீயும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம். நீ உள்ளே நுழைந்து என் மெஷினைப் பார்த்தாய், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உன் நாளைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாசத்தில்தான் செய்தோம். இரண்டு பேருக்கும் மற்றவள் செய்ததுதான் எரிச்சலாக இருந்தது. நீ தூர தேசத்தில் ஒரு கடையில் நின்றுகொண்டு, நான் இங்கே தூங்கி எழுந்து ஓ.டி.பி. சொல்வதற்காகக் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் கோபம் போயிற்று.

ஆகவே நான் முடிவு செய்தது இது. பொங்கலுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு பேரும் பேங்குக்குப் போவோம். உன் கணக்கில் உன் நம்பர். வேறு யாருடையதும் வேண்டாம், மாப்பிள்ளையுடையதும் வேண்டாம். அவன் நல்ல பையன்தான். இருந்தாலும் சொல்கிறேன், நல்லவர்கள் வைத்திருந்தாலும் சாவி சாவிதான். பிறகு வீட்டுக்கு வந்து, நீ பக்கத்து நாற்காலியில் உட்கார், நான் கம்ப்யூட்டர் எதிரில் உட்காருகிறேன். நிர்வாகியாக என்னைப் போடு. புது பாஸ்வேர்டை நான் அடிக்கும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். உன் பெயரைத்தான் வைப்பேன் என்று நினைக்காதே. பிள்ளைகள் பெயரை வைப்பது முட்டாள்தனம் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். வெளியிலிருந்து நீ உள்ளே வருகிற வழியையும் மூடிவிடு. வழி தெரியாமல் நான் தடுமாறினால் தடுமாறுகிறேன். மறுபடி குலையில்லாத வாழை வந்தால் பிரித்து நெய்துகொள்கிறோம். முனுசாமியிடம் பேசிவிட்டேன், "அதனால இன்னாக்கா" என்கிறார்.

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். பயம் கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை. ஓ.டி.பி.யும் இல்லை, ரிப்பேரும் இல்லை என்றால் நீ எதற்குக் கூப்பிடுவாய் என்று ஒரு பயம் இருக்கிறது. சில நாள் மெஷினில் ஒரு கோளாறும் இல்லாமலேயே, பிரிண்டர் பேசவில்லை என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். நீயும் சில நாள் ஒரு அப்டேட்டும் இல்லாமல் சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இனி அந்தச் சாக்கு நம் இரண்டு பேருக்குமே இல்லை. கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று பாக்கி. இந்தக் கம்ப்யூட்டரில் நுழையும்போது இரண்டு பெயர் வரும், என்னுடையது ஒன்று, உன்னுடையது ஒன்று. விண்டோஸ் போடும்போது உன் பெயரை அழித்துவிடலாம், இடம் மிச்சமாகும் என்று போனில் சொன்னாய். அழிக்க மாட்டேன். அது இருக்கட்டும், நிர்வாகி என்ற பொறுப்பு மட்டும் அதற்கு வேண்டாம். ஜெர்மனியிலிருந்து வரும்போது வேலை செய்யாமல், எதையும் சரிசெய்யாமல் சும்மா உட்காருவதற்கு உனக்கு இங்கே ஒரு இடம் வேண்டும். அதற்குள் நீ என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் நிர்வாகி ஆனால் அதைத் திறந்து பார்க்க என்னால் முடியும், அதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பார்க்க மாட்டேன்.

அம்மா